ஓர் அங்குலத் தோட்டா

முயலுக்கு எந்தத் தோட்டா, எலிக்கு எந்தத் தோட்டா என்று மேலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பெரியாற்றுக் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நெல், மேட்டில் கொஞ்சம் கடலை. எலியும் மயிலும் பன்றியும் தின்றது போக மிச்சம்தான் வீட்டுக்கு வருகிறது என்பது அவர் குறை. தூக்கம் வராத ராத்திரிகளில் அமெரிக்காக்காரர்களும் ஆஸ்திரேலியாக்காரர்களும் .22 ரைஃபிளில் முயலும் அணிலும் சுடுகிற வீடியோக்களைப் பார்த்து, தோட்டாக்களின் பெயரையெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கிறார். வாயால் சொல்லிப் புரிய வைக்கிற விஷயமில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரைக் கோரிப்பாளையத்துக்கு வரச் சொன்னேன்.

தர்கா பக்கத்து டீக்கடையில் நின்றோம். ராஜாஜி ஆஸ்பத்திரிக்குத் தூக்குவாளியோடு போகிறவர்கள், தேவர் சிலையைச் சுற்றித் திரும்புகிற டவுன் பஸ்கள் என்று அந்த நேரத்திலேயே இரைச்சல். எங்களோடு வரவேண்டியவர் செல்லூரிலிருந்து டிவிஎஸ் வண்டியில் வந்து சேர்ந்தார். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஒரு துப்பாக்கிக் கழகத்தில் பிள்ளைகளுக்குச் சுடக் கற்றுக்கொடுக்கிறார். தம்பி கேள்வியை அவரிடமே போட்டார்.

"தோட்டா பத்தி அப்புறம் பேசலாம் தம்பி. முயலைச் சுட உங்களுக்கு யார் அனுமதி குடுத்தா?" என்றார் சுபேதார்.

"பயிரைத் திங்குதுங்கய்யா."

"தின்னாலும் அது வனத்துறைக் கணக்குல இருக்கு."

1972-ல் வந்த வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பற்றி எல்லோருக்கும் தெரியும். அந்தச் சட்டம் தொடக்கத்தில் வேட்டையை அடியோடு நிறுத்தவில்லை என்பது பலருக்குத் தெரியாது. சிறு விலங்கு வேட்டைக்கு லைசென்ஸ் வாங்கும் வழி அதில் இருந்தது. 1991-ல் வந்த திருத்தம்தான் அந்த வழியை அடைத்தது. அதற்குப் பிறகு முயலோ கவுதாரியோ காட்டுக் காடையோ, தன் வயலில் நின்றாலும் சுடுவது குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். மயில் முதல் அட்டவணையில் இருப்பதால் அதற்குத் தண்டனை இன்னும் கடுமை. மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை.

"எங்க பக்கம் சிவராத்திரி முடிஞ்சதும் பாரிவேட்டை போவாங்களேய்யா, அது?" என்று தம்பி கேட்டார். கேட்கத்தான் வேண்டும். மேலூர், நத்தம், சிங்கம்புணரிப் பக்கக் கிராமங்களில் நாயும் வலையும் கம்புமாக முயலுக்குப் போவது சாமி காரியமாகவே நடந்து வந்தது. அந்த உணர்வை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் வனத்துறை ஒவ்வொரு ஆண்டும் அந்த நாட்களில் காவல் போடுகிறது, பிடிபடுகிறவர்கள் மேல் வழக்கு வருகிறது. வழக்கம் சட்டத்துக்கு முன் நிற்காது.

வண்டிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

சுடுதளம் நகருக்கு வெளியே. தகரக் கூரை போட்ட நீண்ட கொட்டகை, அதிலிருந்து 50 மீட்டரில் இலக்கு அட்டைகள், அவற்றுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கும் மேலே குவித்த மண்மேடு. பக்கவாட்டிலும் சுவர். சுபேதார் அந்த மண்மேட்டைத்தான் முதலில் காட்டினார். "இது இல்லாத இடத்துல நான் துப்பாக்கியைத் தூக்க மாட்டேன். தோட்டா எங்க போய் நிக்கும்னு தெரியாம சுடுறவன் சுடத் தெரியாதவன்."

பிறகு மேசையில் ஒரு துணியை விரித்து .22 எல்ஆர் தோட்டா ஒன்றை வைத்தார். எல்ஆர் என்றால் லாங் ரைஃபிள். முழு நீளமே ஓர் அங்குலம்தான். தம்பி கையில் எடுத்து உருட்டியதும் விரலில் மெழுகு ஒட்டியது. ஈயக் குண்டின் வெளிப்புறத்தில் அந்தப் பூச்சு இருக்கும், குழலுக்குள் வழுக்கிப் போக. தொட்ட பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று சுபேதார் அப்போதே சொல்லிவிட்டார், ஈயம் விஷம்.

நீளவாக்கில் இரண்டாக அறுத்த காலிக் கூடு ஒன்றும் அவரிடம் இருந்தது. நான் இந்தத் தோட்டாவை நினைத்தாலே நினைவுக்கு வருவது அந்த வெட்டுமுகம்தான். பெரிய தோட்டாக்களில் பின்பக்கம் நடுவில் பட்டாசுக் கேப்பு போல ஒரு தனிப் பொட்டு பதித்திருக்கும், ஊசி அதன் மேல் அடிக்கும். இதில் அந்தப் பொட்டு கிடையாது. பித்தளைக் கூட்டின் அடியில் வெளியே பிதுங்கி நிற்கும் விளிம்பு உள்ளே குழிவானது. தீப்பற்றும் மருந்தை ஈரமாக இட்டு, கூட்டைச் சுழற்றி, அந்த விளிம்பின் குழிக்குள் ஓடிப் படிய விடுகிறார்கள். துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கும்போது அந்த மருந்து பற்றி, உள்ளே உள்ள வெடிமருந்தைக் கொளுத்துகிறது. சுட்டு முடித்த கூடுகளில் விளிம்போரம் நகக்கீறல் அளவுக்கு ஒரு பள்ளம் தெரிந்தது. எல்லாக் கூடுகளிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில்.

இந்த அமைப்பிலேயே இதன் குணம் முழுவதும் அடங்கியிருக்கிறது. விளிம்பு நசுங்க வேண்டுமானால் பித்தளை மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய கூடு அதிக அழுத்தம் தாங்காது. அதனால் இந்த வகைத் தோட்டாவின் வலு ஓர் அளவுக்கு மேல் வளரவே முடியாது. ஒரு தடவை நசுங்கியதை மறுபடி நிரப்பவும் முடியாது. விளிம்புக் குழியில் ஏதாவது ஓர் இடத்தில் மருந்து படியாமல் போய், ஊசியும் அங்கேயே அடித்தால் வெடிக்காது. அப்படி வெடிக்காத தோட்டாவோடு குழலை இலக்கை நோக்கியே வைத்து அரை நிமிடம் பொறுக்க வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். தாமதமாக வெடிப்பதும் உண்டு.

தம்பி அதற்குள் தன் பட்டியலை ஒப்பித்தார். .22 ஷார்ட், .22 எல்ஆர், .22 மேக்னம், .17 எச்எம்ஆர். சுபேதார் சிரித்துக்கொண்டே நோட்டில் நான்கையும் வரைந்தார். ஷார்ட் 1857-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கைத்துப்பாக்கியோடு பிறந்தது. எல்ஆர் 1887-ல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் கம்பெனி கொடுத்தது. இன்றைக்கும் உலகம் முழுக்க ஓடுவது அதுதான். மேக்னம் 1959, வின்செஸ்டர். எச்எம்ஆர் 2002, ஹார்னடி.

"வெளிநாட்டுல முயலுக்கு எது எடுக்குறாங்கய்யா?"

"கிட்டக்க 50, 60 மீட்டருக்குள்ளன்னா எல்ஆர். அதுலயும் சத்தத்தோட வேகத்தைத் தாண்டாத தோட்டா, முனையில குழி விட்டது. குழி விட்டா குண்டு உள்ள போய் விரியும், பிராணி துடிக்காது, மறுபக்கம் துளைச்சிட்டுப் போறதும் குறையும். தூரமா இருக்கிற சின்னப் பிராணிக்கு எச்எம்ஆர். நரி அளவுக்கு மேக்னம்."

அவர் சொன்ன கணக்கை நோட்டில் குறித்துக்கொண்டேன். எல்ஆர் குண்டு 40 கிரெய்ன், சுமார் 2.6 கிராம், போட்டித் தோட்டாவில் நொடிக்கு 330 மீட்டர் அளவில் கிளம்பும். மேக்னம் அதே எடைக் குண்டை 580 மீட்டர் வேகத்தில் தள்ளும். எச்எம்ஆர் குண்டு 1.1 கிராம்தான், வேகமோ 770-ஐத் தாண்டும். ஆற்றலில் பார்த்தால் எல்ஆர் 140 ஜூல், எச்எம்ஆர் 330, மேக்னம் 430-க்கு மேல். லைசென்ஸ் இல்லாமல் வாங்கக்கூடிய ஏர்கன்னுக்கு நம் 2016 ஆயுத விதிகள் வைத்திருக்கும் உச்சவரம்பு 20 ஜூல். இந்த எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தம்பியின் முகம் கொஞ்சம் மாறியது. சின்னத் தோட்டா என்றால் பெரிய ஏர்கன் என்று நினைத்திருந்தார்.

ஏர்கன் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் வேண்டாம் என்பது துப்பாக்கிக்குக் கிடைத்த விலக்கு. பறவைக்கு அப்படி எந்த விலக்கும் இல்லை. கண்மாய்க் கரைகளில் கொக்கையும் புறாவையும் ஏர்கன்னால் அடித்துத் தூக்கிக்கொண்டு போகிற பையன்களை நான் பார்த்திருக்கிறேன். .303-ல் சுட்டாலும் அதே குற்றம், ஏர்கன்னில் சுட்டாலும் அதே குற்றம்.

கழக உறுப்பினரான கல்லூரி மாணவி ஒருவர் குப்புறப் படுத்து, தோளில் வார்ப்பட்டை இழுத்து, சுடத் தொடங்கினார். காதில் அடைப்பான் போட்டுக்கொண்டோம். 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. தொலைநோக்கியில் பார்த்தால் துளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து நடுவில் ஒரே கிழிசலாக இருந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியது இதே தூரத்தில், இதே தோட்டாவில். 2012 லண்டனில் விஜய்குமார் வெள்ளி வாங்கிய 25 மீட்டர் பிஸ்டல் போட்டியும் .22 எல்ஆர்தான்.

போட்டிக்காரர்கள் ஏன் மெதுவான தோட்டாவைத் தேடுகிறார்கள் என்று தம்பி கேட்டார். நல்ல கேள்வி. மதுரை வெயிலில் 38 டிகிரிக்குச் சத்தம் நொடிக்குச் சுமார் 354 மீட்டர் ஓடும். அதற்கு மேல் கிளம்புகிற வேகத் தோட்டா 100 மீட்டர் போவதற்குள் காற்றில் தேய்ந்து சத்தத்தின் வேகத்துக்குக் கீழே இறங்கும். அந்த எல்லையைக் கடக்கும் இடத்தில் குண்டு தள்ளாடும். ஆரம்பத்திலிருந்தே கீழே இருக்கிற தோட்டாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரே கம்பெனித் தோட்டாவிலும் லாட்டுக்கு லாட்டு மாறும். ஈலி, எஸ்கே கம்பெனித் தோட்டாக்களை வாங்குகிறவர்கள் தங்கள் குழலுக்கு எந்த லாட் ஒத்துப்போகிறது என்று சுட்டுப் பார்த்துத்தான் பெட்டி பெட்டியாக எடுக்கிறார்கள். இந்தத் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது என்பதில் நான் பார்த்த உண்மையான வித்தை இதுதான்.

சுபேதார் ஒரு காலிப் பெட்டியை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார். மேலே அச்சிட்டிருந்த எச்சரிக்கையைத் தம்பியே படித்தார். ஒன்றரை மைல் வரை ஆபத்து. நம் கணக்கில் 2.4 கிலோமீட்டர்.

"உங்க வயல்ல நின்னு சுத்திப் பாருங்க. எந்தப் பக்கம் ரெண்டரை கிலோமீட்டருக்கு வீடு இல்ல?"

தம்பி பதில் சொல்லவில்லை.

"இன்னொண்ணு. 50 மீட்டருக்குச் சைட்டு வச்சா 100 மீட்டர்ல அரை அடிக்கு மேல இறங்கிடும். குறி தப்பின குண்டு தரையில பட்டா உள்ள போகாது. ஈயம், வேகமும் கம்மி, காஞ்ச தரையிலயும் தண்ணியிலயும் எகிறும். எந்தத் திசையில எகிறும்னு யாரும் சொல்ல முடியாது."

மதுரையைச் சுற்றி இருப்பது அப்படிப்பட்ட சமவெளி. வயல், கண்மாய், அதன் கரையில் ஒரு ஊர், அடுத்து வயல், அடுத்த ஊர். விடிவதற்கு முன்பே களை எடுக்கவும் தண்ணீர் பாய்ச்சவும் ஆட்கள் நடமாடுகிற நிலம். ஆஸ்திரேலியாவின் மேய்ச்சல் வெளியில் எழுந்த ஒரு பழக்கத்தை இங்கே கொண்டுவந்து நட முடியாது. சட்டம் நாளைக்கே அனுமதித்தாலும் மேலூர்ப் பக்கம் ஒரு வயல்வெளியில் .22 சுடுவதை நான் ஏற்க மாட்டேன்.

பன்றியைப் பற்றியும் அங்கேயே பேசிவிட்டோம். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு வரையறை வைத்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வரும் காட்டுப்பன்றியைச் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு மேல் போனால் வனத்துறையினர் சுடலாம். விவசாயி சுடுவதற்கு அதில் இடமில்லை. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்கள் வழியாக, லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களைக் கொண்டு சுட வழி செய்திருக்கிறார்கள், அங்கேயும் .22-க்கு வேலையில்லை. பன்றியின் தோளில் .22 பட்டால் அது உடனே சாகாது. காயத்தோடு ஓடி எங்கேயோ புழு வைத்துச் சாகும், அல்லது மறுநாள் புல் அறுக்க வருகிற பெண்மேல் பாயும். இரைக்குள் வெடியை மறைத்த அவுட்டுக்காய் வைப்பதும் மின்வேலி போடுவதும் அதைவிடக் கொடுமை. அவற்றில் மாடும் மனிதரும் சேர்ந்தே சாகிறார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாட்டுத்தாவணி, ஒத்தக்கடை வழியாக மேலூர் ரோட்டைப் பிடித்தோம். யானைமலை இடது பக்கம் முழு நீளத்துக்கும் கூடவே வந்தது.

தம்பியின் வயலில் நெல் பச்சை கட்டி நின்றது. நடுவில் வட்ட வட்டமாகத் தாள் சாய்ந்திருந்தது. குனிந்து பார்த்தால் தண்டுகள் அடியில் சாய்வாக, கத்தியால் சீவியது மாதிரி வெட்டுப்பட்டுக் கிடந்தன. வரப்போரம் புதுமண் தள்ளிய வளைகள். "இந்த வளைக்குள்ள இருக்கிறதை எந்தத் தோட்டாவால சுடுவீங்க?" என்று கேட்டேன். எலி ராத்திரியில் வருகிறது, தாளுக்குள் ஓடுகிறது, பகலில் மண்ணுக்குள் இருக்கிறது. வெளிநாட்டு வீடியோவில் வெட்டவெளியில் நிமிர்ந்து நிற்கும் தரை அணில் இல்லை இது.

எலியைக் கொல்லத் தடை இருந்ததில்லை. காகம், பழந்தின்னி வௌவால், சுண்டெலி, எலி நான்கும் பழைய சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் தீங்குயிர் என்று இருந்தன. 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது அந்த அட்டவணையே போய்விட்டது. எந்த உயிரைத் தீங்குயிர் என்று அறிவிப்பது என்பது இப்போது மத்திய அரசின் அறிவிக்கையைப் பொறுத்தது. வயல் எலிக்குக் கிட்டி என்கிற மூங்கில் பொறி வைக்கிற வேலை அன்றும் நடந்தது, இன்றும் நடக்கிறது.

கிட்டி வைக்கிற பெரியவரைச் சுபேதார் ஏற்கெனவே வரச் சொல்லியிருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். சாக்கு நிறைய மூங்கில் கிட்டிகளை வரப்பில் கொட்டினார். முழ நீள மூங்கிலில் வில்லாக வளைத்த ஒரு பட்டை, அதை இழுத்துப் பிடிக்கும் கயிறு, நடுவில் இரை வைக்கும் இடம், அதைத் தொட்டால் விடுபடும் ஒரு சின்னக் குச்சி. எலி ஊறவைத்த அரிசியைக் கடித்து இழுத்ததும் குச்சி நழுவி, வில் நிமிர்ந்து, கயிறு கழுத்தை இறுக்கும். என் விரலை வைத்துக் காட்டச் சொன்னேன். "வேணாங்கய்யா, நகம் கறுத்துப்போகும்" என்று சொல்லி ஒரு வேப்பங்குச்சியை வைத்து விட்டார். அது ஒடிந்தது.

கிட்டிகளை அவர் கண்ட இடத்தில் வைக்கவில்லை. வரப்போரம் குந்தி உட்கார்ந்து, சேற்றில் எலித்தடம் போகிற பாதையைப் பார்த்து, புதுப் புழுக்கை இருக்கிற இடமாகத் தேர்ந்தார். ஒவ்வொரு கிட்டிக்கும் பக்கத்தில் வைக்கோலை முறுக்கி அடையாளம் நட்டார், காலையில் தேடி எடுக்க. சாயங்காலம் வைத்து விடியலில் எடுப்பது. கூலி எலிக் கணக்கில். விஷம் இல்லை, சத்தம் இல்லை, பக்கத்து வயல்காரருக்குப் பயம் இல்லை.

விஷத்தைப் பற்றி அவரிடம் கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினார். 2018 ஆகஸ்டில் மதுரை பாண்டி கோயில் பக்கம் 40-க்கும் மேற்பட்ட மயில்கள் விஷம் தின்று செத்துக் கிடந்ததை இந்தப் பக்கத்து ஆட்கள் மறக்கவில்லை. விஷம் வைத்த தானியம் எலி மட்டும் தின்னட்டும் என்று காத்திருக்காது.

அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் அரிட்டாபட்டி மலைகள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். லகர் வல்லூறும் ராஜாளிக் கழுகும் அந்தப் பாறைகளில் இருக்கின்றன. எலி, ஓணான், முயல் பிடித்துத் தின்கிற பறவைகள் அவை. விவசாயிக்கு இலவசக் காவல்காரர்கள். ஈயக் குண்டு பட்டுச் செத்த பிராணியைத் தின்னும் பறவைகளின் உடம்பில் ஈயம் ஏறிக் கொல்வது கலிஃபோர்னியாவின் காண்டர் கழுகுகளிடம் தெளிவாகக் கண்டறியப்பட்டது. அதனால்தான் அந்த மாநிலம் 2019 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டையே தடை செய்தது. டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று இந்த ஊர்க்காரர்கள் போராடிக் காப்பாற்றிய மலையில் உட்காருகிற வல்லூறுக்கு, வயல் எலி வழியாக ஈயத்தைக் கொடுக்க நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

பெரியவர் கிளம்புமுன் தம்பியிடம் இன்னும் இரண்டு காரியம் சொன்னார். வரப்பைச் சீவி ஒல்லியாக்க வேண்டும்; அகலமான வரப்பு எலிக்குக் கட்டிக் கொடுத்த வீடு. வயலுக்குள் டி வடிவத்தில் குச்சி நட வேண்டும், கூகை வந்து உட்கார. ஒரு கூகை ஒரு ராத்திரிக்கு இரண்டு மூன்று எலி பிடிக்கும். கதிர் வந்த பிறகு குச்சியை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நெல் தின்கிற குருவி பகலில் அதில் உட்காரும்.

"என் வயல்ல மட்டும் வச்சாப் போதுமாய்யா?"

"ஒங்க வயல்ல புடிச்சா பக்கத்து வயல்லேர்ந்து வரும். சுத்தி இருக்கிறவங்க எல்லாரும் ஒரே வாரத்துல வைக்கணும். அதுவும் பொதி கட்டுறதுக்கு முந்தி."

தம்பி செல்போனை எடுத்து, மடைக்குக் கீழே நெல் போட்டிருக்கிற பங்காளிகளை ஒவ்வொருவராகக் கூப்பிடத் தொடங்கினார். கூலியை எப்படிப் பங்கு பிரிப்பது என்பதில் இரண்டாவது ஆளிடமே வாக்குவாதம் வந்தது. ஏக்கர் கணக்கா, எலிக் கணக்கா என்று இழுத்தபோது பெரியவர் இடையில் புகுந்து, எலி விழுந்த வயல்காரர் எலிக்குக் கொடுக்கட்டும், வண்டிச் செலவை எல்லோரும் ஏக்கர் கணக்கில் பிரிக்கட்டும் என்று தீர்த்து வைத்தார். வருகிற வியாழக்கிழமை சாயங்காலம் என்று நாள் குறித்தார்கள்.